கண்டிச்சீமையின் பேயும் சிரிப்பும்

அஞ்சுவதும் நகைப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்றும், பேயைக் காட்டிச் சிரிக்கவைக்கும் திரைப்படம் கலையின் கடைசிப் படியில் கிடப்பது என்றும் நம்மிடையே படித்தவர்கள் பலர் கொண்டிருக்கும் அபிப்பிராயம், அவர்கள் வாழும் இந்தத் தீவின் பழைய சடங்குகளை ஒரு முறை ஊன்றிப் பார்த்திருந்தால் தோன்றியே இராது. தென்னிலங்கையில் நோயாளியின் வீட்டு முற்றத்தில் இரவு முழுவதும் நடைபெறும் சன்னி யக்கும என்னும் சடங்கில், பதினெட்டு நோய்களுக்கு அதிபதிகளான பதினெட்டு யக்ஷர்கள் முகமூடி தரித்துப் பந்த வெளிச்சத்தில் தோன்றுகிறார்கள்; குழந்தைகள் தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும்படி ஆரவாரித்து வந்த அந்த யக்ஷனே, மேளம் அடிப்பவரோடு சம்பாஷணையில் இறங்கியதும் பேச்சுத் தடுமாறி, அசட்டு விடைகள் சொல்லி, கூட்டத்தாரின் பரிகாசத்துக்கு ஆளாகி, கடைசியில் புத்தபிரானின் ஆணைக்கு அடங்கிக் காணிக்கையைப் பெற்றுக்கொண்டு அகன்றுவிடுகிறான். புரூஸ் கப்ஃபரர் என்னும் மானிடவியலறிஞர் இச்சடங்குகளைக் குறித்து 1983இல் வெளியிட்ட நூலில், இந்த ஹாஸ்யம் சடங்கின் இடைவேளைப் பொழுதுபோக்கு அன்று, அச்சத்தின் பிடியிலிருந்து நோயாளியை விடுவிக்கும் சிகிச்சையின் இன்றியமையாத பகுதியே என்று விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். கண்டிப் பிரதேசத்துக்கே உரிய கொஹொம்பா கங்காரியவும் அவ்வாறே. குவேனியின் சாபத்தால் பாண்டுவாசுதேவ மன்னனைப் பீடித்த நோயைத் தீர்த்த ஐதிகத்தைக் கருவாகக் கொண்ட அந்தப் பெருஞ்சடங்கினுள், வேடர்களையும் பன்றி வேட்டையையும் பற்றிய நகைச்சுவைக் காட்சிகள் இயல்பாக இடம்பெறுகின்றன.

இத்தகைய பூமியில் பிறந்த நம் இளைஞர்கள், திகிலும் நகைச்சுவையும் கலந்த ஒரு படத்தை எடுக்க ஆசைப்படும்போது, முதலில் தேடுவது என்ன? ஒரு ஜமீன் அரண்மனை, அதற்குள் பூட்டிய அறை, நள்ளிரவில் ஒலிக்கும் சலங்கை, வெள்ளைப் புடைவை. கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஜமீன்தார்கள் இருந்ததில்லை என்பதை நினைத்துப் பார்க்கவும் அவர்களுக்கு அவகாசம் இருப்பதில்லை. தமிழில் மட்டுமே நிகழும் குறையும் அன்று இது. ராகவா லாரன்ஸ் 2011இல் எடுத்த 'காஞ்சனா'வை, டொனால்ட் ஜயந்த என்னும் இயக்குநர் 2016இல் 'மாயா' என்ற பெயரில் சிங்களத்தில் மறுபடியும் எடுத்தார். மகாசோனனையும் ரீரி யக்ஷனையும் கறுப்புக் குமாரனையும் மோகினியையும் தலைமுறை தலைமுறையாக அஞ்சி வந்திருக்கும் ஒரு சமூகம், தன் திரைக்கு வேண்டிய ஆவியைச் சென்னையிலிருந்து வரவழைத்துக்கொண்டது. படம் நன்றா தீதா என்பது என் கேள்வி அல்ல. ஒரு படத்தின் கரு எங்கே பிறக்க வேண்டும் என்பதே நான் இங்கே பேச விரும்பும் விஷயம். ஏனெனில், கருவிலிருந்து படப்பிடிப்புவரை உள்ள நீண்ட பாதையில் பின்னால் நேரும் சங்கடங்களில் பெரும்பாலானவை, கரு இரவல் பெற்றதாக இருப்பதாலேயே நேருகின்றன என்பது என் துணிபு.

இத்துறையில் நிலைத்துநின்ற படங்களின் பிறப்பைக் கவனித்தால் இது தெளிவாகும். ஃபாசில் இயக்கி 1993 டிசம்பரில் வெளிவந்த 'மணிச்சித்ரதாழ்' என்னும் மலையாளப் படம், பின்னர் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' ஆகி, 2005இல் பி. வாசுவின் 'சந்திரமுகி'யாகத் தமிழகத்தை ஆட்டிவைத்து, ஹிந்திக்கும் சென்றது. அதன் கதாசிரியரான மது முட்டம் அந்தக் கருவைக் கண்டெடுத்தது தம் சொந்த ஊர்ப்புறத்தில், ஆலும்மூட்டில் என்னும் பழைய குடும்பத்தில் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்டுவந்த ஒரு துயரச் சம்பவத்தில்தான். ஊரார் தாழ்ந்த குரலில் பேசிவந்த ஒரு பழி, ஓர் எழுத்தாளன் கையில் கதையாகி, பத்மநாபபுரம் அரண்மனையின் மரத்தூண்களுக்கிடையே படமாயிற்று. 2018இல் வந்த 'ஸ்திரீ' என்னும் ஹிந்திப் படத்தின் வேர், 1990களில் கர்நாடகத்தில் பரவியிருந்த ஒரு வதந்தி: இரவில் வாயிலில் வந்து கூப்பிடும் பெண்பேயை ஏமாற்றுவதற்காக, 'நாளை வா' என்று மக்கள் தங்கள் கதவில் எழுதிவைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பேய், அன்றாடம் வந்து அந்த வாசகத்தைப் படித்துவிட்டுக் கீழ்ப்படிந்து திரும்பிப் போகிறது என்ற எண்ணத்தில் பீதியும் சிரிப்பும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன அல்லவா? கதாசிரியன் கூட்டிச் சேர்க்க வேண்டியிருந்தது மிகச் சொற்பமே. 'காஞ்சனா'வும்கூட ஜனங்களின் உள்ளத்தில் இடம்பெற்றதற்குக் காரணம் அதன் கூச்சலும் குதிப்பும் என்று நான் கருதவில்லை. சமூகம் ஒதுக்கிவைத்த ஒரு திருநங்கை, ஏழைகளுக்கு மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்துக்காகக் கொல்லப்பட்டாள் என்ற நியாயம் அந்த ஆவிக்கு இருந்தது.

ஆகவே, எழுத உட்காருகிறவன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'இந்தப் பேய் எப்படிப் பயமுறுத்தும்?' என்பதன்று, 'இந்தப் பேய்க்கு என்ன குறை?' என்பதே. கண்டிச்சீமையில் அந்தக் கேள்விக்கு விடைகள் மண்ணுக்கடியில் மிகுதியாகக் கிடக்கின்றன. தலதா மாளிகைக்கு அருகிலேயே உள்ள பிரிட்டிஷ் படையினரின் பழைய இடுகாட்டில், யானை மிதித்தும் வெயில் தாக்கியும் காய்ச்சல் கண்டும் இளமையிலேயே மாண்ட வெள்ளையர்கள் உறங்குகிறார்கள். நகரத்தின் மேல் எழும் பைரவ மலையில், மன்னராட்சிக் காலத்தில் கன்னிப்பெண்ணைக் கம்பத்தில் கட்டிப் பலிகொடுத்ததாகவும், கடைசியாகக் கட்டப்பட்ட திங்கிரி மெனிக்காவை அவளுடைய காதலன் இரவோடிரவாக மீட்டுச் சென்றதாகவும் ஒரு கதை வழங்குகிறது. ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடுவதற்கு முன்பே, கோப்பிக்காலத்தில், மன்னாரில் இறங்கி மாத்தளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்துவந்த நம் முன்னோரில் எண்ணற்றோர் வாந்திபேதியிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தார்கள். அவர்களுக்கு நடுகல்லும் இல்லை, நாள்கணக்கும் இல்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இந்நான்கும் ஒருசேரக் குடியிருக்கும் இடம் ஒன்று உலகில் உண்டென்றால் அது மலையகத் தோட்டமே என்று எனக்குத் தோன்றுகிறது. அணங்குக்கு மாடசாமியும் முனியாண்டியும், தொழிற்சாலை இயந்திரங்களைக் காவல்புரியும் ரோதைமுனியும் இருக்கிறார்கள். விலங்குக்குத் தேயிலைச் செடிகளின் மறைவில் குட்டிபோடும் சிறுத்தை இருக்கிறது. கொழுந்து நிறுக்கும்போது தராசில் கைவைத்து அரைப்பேர் போட்டவர்கள் கள்வர்கள். பங்களாவின் துரையும் பெரிய கங்காணியும் இறை. நகைக்கும் அவர் நான்கு நிலைக்களன்களே சொன்னார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எளியோரின் பேதைமையையும் மடனையும் பார்த்துச் சிரிப்பது சுலபம். தமிழ்நாட்டுப் பேய்ப்படங்களில் பெரும்பகுதி, வேலைக்காரனின் கோழைத்தனத்தையும் பருத்த உடம்பையும் பார்த்தே சிரித்துத் தீர்ந்துவிடுகிறது. எள்ளல் என்னும் முதல் நிலைக்களனை மேலே நோக்கித் திருப்பி, அச்சமூட்டிய இறையையே எள்ளி நகையாடும் படம் அரிதாகவே வருகிறது. அதுவே நமக்கு வேண்டியது.

இதை வெறும் உபதேசமாக நிறுத்தாமல் ஒரு கருவையே முன்வைக்கிறேன்; வேண்டுவோர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியதும், 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, மீதி 1,50,000 பேரின் கதியைப் பின்னொரு நாளைக்கு ஒத்திவைத்ததும் யாவரும் அறிந்த சரித்திரம். கண்டிக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில் ஒரு கிழவி தனக்குரிய கடுதாசி வரும் வரும் என்று காத்திருக்கிறாள், பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது, அவர்கள் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலும் ஏறிவிடுகிறார்கள், இவளுக்கு வருவதற்குள் உயிர் போய்விடுகிறது. எந்த நாட்டுப் பிரஜை என்பது தீர்மானமாகாமல் இறந்தவள் எந்த நாட்டுப் பேயாவது? ஐம்பது வருஷமாக மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் தட்டுகளுக்கிடையில் அவள் காத்திருக்கிறாள். அந்தத் தொழிற்சாலையை உல்லாச விடுதியாக மாற்றும் வேலைக்கு வரும் தோட்டத்து இளைஞன் ஒருவனையும் அவனுடைய சிங்கள நண்பனையும் இரவில் மறித்து, அவள் கேட்பது இரத்தம் அன்று, அடையாள அட்டை. அட்டை இல்லாதவனை அணைத்துக்கொள்கிறாள், இருப்பவனை ஓட ஓட விரட்டுகிறாள். அவளைச் சாந்தப்படுத்துவதற்கு வழி பூசாரியிடம் இல்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி அவளுக்குப் பிரஜாவுரிமை பெற்றுத் தந்தாக வேண்டும். விண்ணப்பதாரர் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும் என்று அலுவலகம் சொல்கிறது. அவளும் வருகிறாள்.

கருவை இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்த பின்னர், எழுத்து வேலை தொடங்குகிறது. இங்கேதான் பொறுமை வேண்டும். முதலில் ஒரு சிரிப்பும் இல்லாமல், அந்தக் கிழவியின் வாழ்க்கை முழுவதையும், அவள் எந்த வயதில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்தாள், எந்த மலையில் கொழுந்தெடுத்தாள், யாருக்குப் பிள்ளை பெற்றாள், எந்த மாதத்தில் எந்த நோயால் இறந்தாள் என்பது ஈறாக எழுதிமுடிக்க வேண்டும். படத்தில் அதன் பத்தில் ஒரு பங்குகூட வராமற் போகலாம். ஆயினும், நடுக்காட்சியில் எழுத்தாளன் எந்தப் பக்கம் திரும்புவது என்று திகைக்கும்போதெல்லாம் அந்த வரலாறே அவனுக்கு வழிகாட்டும். அதற்குப் பின்னரே கதை விவாதம், காட்சிப் பிரிப்பு, வசனம். வசனத்துக்கு நமக்கொரு நல்ல முன்மாதிரி இருக்கிறது: வானொலியில் தொடர் நாடகமாக ஒலித்து, 1976இல் திரைப்படமான 'கோமாளிகள்'. எஸ். ராம்தாஸ், டி. ராஜகோபால், எஸ். செல்வசேகரன் ஆகியோர் மரைக்கார், அப்புக்குட்டி, உபாலி என்ற பாத்திரப் பெயர்களாலேயே இறுதிவரை அறியப்பட்டார்கள் என்றால், இத்தீவின் வெவ்வேறு சமூகங்கள் பேசும் தமிழை அவற்றுக்குரிய ஓசையோடு கேட்கும் இன்பத்தில் ஜனங்கள் எவ்வளவு மூழ்கியிருந்தார்கள் என்பது விளங்கும். ராகலையில் ஒருவன் பயந்து அலறும் வார்த்தையும் மாவனெல்லையில் ஒருவன் அலறும் வார்த்தையும் ஒன்றல்ல. அந்த வேற்றுமையில் ஹாஸ்யம் தானாகவே விளையும், கோடம்பாக்கத்து வசனத்தை மனப்பாடம் செய்தால் விளையாது.

திகிலுக்கும் சிரிப்புக்கும் பொதுவான நாடி காலப்பிரமாணம். கதவு திறப்பதற்கு முன் எத்தனை கணம் மௌனம் என்பதிலே பயம் இருக்கிறது. பதில் வருவதற்கு முன் எத்தனை கணம் மௌனம் என்பதிலே சிரிப்பு இருக்கிறது. ஒன்றுக்காகக் காத்திருக்கும் ரசிகனுக்கு மற்றதைக் கொடுப்பதே இவ்வகைப் படத்தின் வித்தை முழுவதும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. படத்திலுள்ள மனிதர்கள் உண்மையாகவே பயப்பட வேண்டும். விதூஷகன் பேயை நம்பாமல் ரசிகர்களைப் பார்த்துக் கண்சிமிட்டினானானால், அந்தக் கணத்திலேயே பயமும் போய்ச் சிரிப்பும் போய்விடும்.

எழுத்துப் பிரதி கையில் வந்ததும் பொருள் தேட வேண்டும். மலையகத்து இளைஞனுக்குப் பெருமுதலாளிகள் கிடைக்கமாட்டார்கள். ஆனால் எல்லாத் திரைப்பட வகைகளிலும் ஏழைக்கு இரங்கும் வகை இதுவே என்பதை அவன் உணர வேண்டும். ஒரு கட்டடம், ஏழெட்டு நடிகர்கள், இருட்டு, இவை போதும்; இருட்டுக்கு வாடகை இல்லை. அமெரிக்காவில் சாம் ரெய்மி என்னும் இளைஞர், பணம் போடுவோருக்குக் காட்டுவதற்காகவே 1978இல் ஒரு குறும்படத்தை எடுத்து, அதைத் தம் ஊர் வைத்தியர்களுக்கும் வியாபாரிகளுக்கும் திரையிட்டுப் பணம் திரட்டி, காட்டுக் குடிசையொன்றில் 'ஈவில் டெட்' என்னும் படத்தை முடித்தார். 1987இல் அதன் இரண்டாம் பாகத்தில் சிரிப்பைத் தாராளமாகக் கலந்தார். நம்மவரும் கிழவி அடையாள அட்டை கேட்கும் அந்த ஒரே காட்சியை முதலில் பத்து நிமிஷப் படமாக எடுத்து, கண்டியிலும் மாத்தளையிலும் கம்பளையிலும் உள்ள கடைக்காரர்களிடமும் ஆசிரியர்களிடமும் வெளிநாட்டில் வாழும் உறவினரிடமும் காட்டலாம். படித்துக் காட்டும் கதைக்குக் கிடைக்காத பணம் பார்த்துச் சிரித்த காட்சிக்குக் கிடைக்கும்.

படப்பிடிப்பைக் குறித்துச் சில வார்த்தைகள். மாசி மாதமே இதற்கு உகந்த காலம். இரு பருவமழைகளுக்கும் இடையில் வானம் ஓரளவு வெளிவாங்கியிருக்கும், பனிமூட்டமும் அதிகாலைகளில் வேண்டிய அளவு கிடைக்கும். அத்துடன் அது தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும் காலம், வேஷம் கட்டவும் தப்படிக்கவும் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருப்பார்கள். மற்றப் படங்களில் பின்னணியில் நிற்பதற்கு மட்டும் கூப்பிடப்படும் அவர்களை முக்கியப் பாத்திரங்களுக்குப் பரிசீலிக்க வேண்டும். லயத்துக் காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டு. அதற்குள் கமெராவும் விளக்கும் நடிகரும் ஒருங்கே அடங்கமாட்டார்கள், ஆதலால் ஒரு சுவரைக் கழற்றிவைக்கக் கூடிய மாதிரிக் காம்பிரா ஒன்றைக் கட்டிக்கொள்வது நல்லது. தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் நேரடி ஒலிப்பதிவு அத்துடன் முடிந்தது. பிற்பாடு குரல் சேர்ப்பதற்கான செலவையும் முன்கூட்டியே கணக்கிலெடுக்க வேண்டும். பேயின் உடைக்கு வெள்ளைப் புடைவை வேண்டவே வேண்டாம். தலையிலிருந்து தொங்கும் கறுப்புக் கம்பளி, இடுப்பில் சுற்றிய படங்கு, முதுகில் கூடை: மங்கிய ஒளியில் இந்த உருவம் மூடுபனியை விலக்கிக்கொண்டு வருமானால், தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் பாட்டியின் நினைவும் குலைநடுக்கமும் ஒரே சமயத்தில் உண்டாகும். சங்கீதத்துக்கு வயலின் கூட்டங்களைத் தேட வேண்டியதில்லை. விடியற்காலையில் வேலைக்கு அழைக்கும் பெரட்டுத் தப்பை நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு ஒலிக்கச் செய்தால் போதும்.

இவையெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாத கனவென்று சொல்வோருக்கு இந்நகரத்தின் சரித்திரமே பதிலளிக்கும். 1983 ஏப்ரலில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தம் 'இந்தியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாம் படத்தைக் கண்டியிலேதான் எடுக்கத் தொடங்கினார். ஹந்தானைத் தேயிலைச் சரிவுகள் அதில் ஓர் இந்தியக் கிராமமாக வேஷம் போட்டன, விக்டோரியா அணைக்கட்டருகே கயிற்றுப்பாலம் தொங்கிற்று. அந்நியர் தம் கற்பனையை இங்கே கொண்டுவந்து படமாக்க முடிந்தபோது, இங்குள்ளவர் தம் அனுபவத்தைப் படமாக்க முடியாதா? வி. பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' எடுத்தார். மாத்தளை கார்த்திகேசு 1980இல் 'அவள் ஒரு ஜீவநதி' எடுத்தார். வசதி அப்போது இன்றைக்கிருப்பதில் நூறில் ஒரு பங்கும் இல்லை. நாடகத்தில் இதே காரியத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகம் இரு மொழிகளிலும் சாதித்துக் காட்டியிருக்கிறது. கிராமத்து நாடகத்தையும் சடங்கையும் ஆராய்ந்த சரச்சந்திர அவர்கள் 1956இல் 'மனமே'யையும் 1961இல் 'சிங்கபாகு'வையும் அளித்தார்; அதே வளாகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தர்களை அழைத்துவந்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை 1960களில் மேடையேற்றினார். நாட்டார் மரபிலிருந்து நவீன கலை பிறக்கும் என்பதற்கு உலகறிந்த சான்று கண்டியிலிருந்து நான்கு மைல் தூரத்திலே நிற்கிறது. திரைப்படத்தில்தான் அந்த வேலை இன்னும் ஆரம்பமாகவில்லை.

மோகினி இரு சமூகத்துக்கும் பொதுவானவள். கைக்குழந்தையை ஒரு கணம் பிடித்துக்கொள்ளும்படி வழிப்போக்கரிடம் கெஞ்சும் அவளைப் பற்றிச் சொல்லாத சிங்களப் பாட்டியும் இல்லை, கேளாத தமிழ்ப் பேரனும் இல்லை. அடையாள அட்டை கேட்கும் கிழவியின் கதையும் இரு மொழிகளும் கலந்தே பேசப்பட வேண்டும். இரு மொழி வாசகங்களும் திரையில் எழுத்தாக வர வேண்டும். இதற்கு உதவக் கடமைப்பட்ட நிறுவனங்கள் உள்ளன. 1972இல் அரசு நிறுவிய திரைப்படக் கூட்டுத்தாபனம், முடிந்த படத்தை விநியோகிப்பதில் காட்டும் கவனத்தில் ஒரு பகுதியையேனும் எழுத்துப் பிரதிக்குத் திருப்பி, மலையகத்தில் ஆண்டுதோறும் சில இளைஞர்கள் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதுவதற்கு மானியம் வழங்கலாம். பேராதனையின் தமிழ், சிங்களத் துறைகள் தங்களிடமுள்ள சடங்கு, கூத்து ஆராய்ச்சிகளை அவர்களுக்குத் திறந்துவிடலாம். பெருந்தோட்டக் கம்பெனிகள், பூட்டிக் கிடக்கும் தொழிற்சாலை ஒன்றின் சாவியை ஒரு மாதத்துக்கு, வாடகை பேசாமல், கொடுக்கலாம். தணிக்கைச் சபையினர் பேயைக் கண்டால் கத்திரியை எடுப்பதை விட்டு, அந்தப் பேய் என்ன சொல்கிறது என்று காதுகொடுக்கலாம். முதற்காட்சியைக் கொழும்பில் நடத்தாமல், படம் எடுத்த தோட்டத்தின் பெரட்டுக்களத்திலேயே, அடுத்த மாசியில், திரை கட்டிக் காட்ட வேண்டும். அப்பொழுது முன்வரிசையில் உட்கார வேண்டியவர்கள் மந்திரிகள் அல்லர், 1964இன் பட்டியல்களில் தங்கள் பெயரைத் தேடிய முதியவர்கள்.